அடுத்த செயலிழப்பு எப்போது? மென்பொருள் நம்பகத்தன்மையைக் கணக்கிடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சோதனையின்போது மென்பொருள் எந்தெந்த நேரத்தில் செயலிழந்தது என்று குறித்து வைத்திருந்தால், இனி எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அது செயலிழக்கும் என்று மதிப்பிட முடியும். இதற்கான கணித மாதிரிகள் (மாடல்கள்) 1970களிலிருந்தே இருக்கின்றன. ஜெலின்ஸ்கியும் மொராண்டாவும் 1972இல் ஒன்றைத் தந்தார்கள். கோயலும் ஒகுமோட்டோவும் 1979இல் தந்த மாதிரிதான் இன்றும் அதிகம் புழங்குகிறது. மூசாவும் ஒகுமோட்டோவும் 1984இல் இன்னொன்றைத் தந்தார்கள். கணக்கு கடினமானதல்ல, ஒரு எக்செல் தாள் போதும். தரவைச் சேர்ப்பதிலும், வந்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தீர்மானிப்பதிலும்தான் தவறுகள் நடக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டி அந்த இரண்டு இடங்களிலும் கூடுதல் நேரம் நிற்கும்.

எதை எண்ண வேண்டும்

எண்ண வேண்டியது செயலிழப்புகளை. நிரலுக்குள் இருக்கும் தவறு வழு, அதாவது பக். அந்த வழு இயக்கத்தின்போது வெளிப்பட்டு, மென்பொருள் செய்யவேண்டியதைச் செய்யாமல் போவது செயலிழப்பு. நிரலைப் படித்துப் பார்க்கும்போது கண்டுபிடித்துத் திருத்திய வழுக்கள் இந்தக் கணக்கில் வரக்கூடாது. அவை இயக்க நேரத்தில் வெளிப்பட்டவை அல்ல. வழுப் பதிவேட்டிலிருந்து எல்லா வரிகளையும் அப்படியே இறக்கி மாதிரிக்குள் போட்டால், முதல் அடியிலேயே கணக்கு கெட்டுவிடும்.

எது செயலிழப்பு என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். திரையில் எழுத்துப் பிழை இருந்தால் எண்ணுவீர்களா? விடை சரியாக வந்தும் 30 விநாடி தாமதமானால்? இந்த முடிவுகளை நடுவில் மாற்றக்கூடாது. சோதனையின் கடைசி வாரங்களில் வெளியீட்டு அழுத்தம் ஏறும்போது, "இது சின்ன விஷயம்தான்" என்று சிலவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கத் தோன்றும். அப்படி நீக்கினால் செயலிழப்பு வீதம், அதாவது மணிக்கு எத்தனை செயலிழப்பு என்ற எண், செயற்கையாகக் குறையும், மாதிரி அதையே முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளும். தீவிரத்தின்படி பிரிக்க வேண்டுமென்றால், ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே விதியில் பிரியுங்கள்.

ஒரே வழு திருத்தப்படும் முன் மூன்று முறை வெளிப்பட்டால் என்ன செய்வது? கீழே வரும் இரண்டு மாதிரிகளும், செயலிழப்பு வந்தவுடன் வழு நீக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்கின்றன. அதனால் முதல் வெளிப்பாட்டை மட்டும் எண்ணுங்கள். மற்ற இரண்டையும் பதிவில் வைத்திருங்கள், ஆனால் தனி நெடுவரிசையில். திருத்திய பிறகும் அது திரும்ப வந்தால், அது புதிய செயலிழப்பு. திருத்தம் சரியில்லை என்பதும் ஒரு குறைதானே.

நேரம் என்றால் எந்த நேரம்

நாள்காட்டி நாட்களைப் பயன்படுத்தாதீர்கள். முதல் வாரம் இரண்டு பேர் சோதித்து, மூன்றாம் வாரம் ஆறு பேர் சோதித்து, ஐந்தாம் வாரம் பாதிப் பேர் விடுப்பில் போனால், வாரவாரியான செயலிழப்பு எண்ணிக்கை மென்பொருளைப் பற்றி அல்ல, ஆட்களின் வருகையைப் பற்றித்தான் பேசும். மென்பொருள் உண்மையில் இயங்கிய நேரமே வேண்டும். ஜான் மூசா 1975இல் தன் மாதிரியை இயக்க நேரத்தின் மேல் கட்டியதன் காரணமே இதுதான்.

சிபியு நேரம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சோதனைச் சுமை ஓடிய மணிநேரம் போதும். அதுவும் பொருந்தாத இடங்களில், உதாரணமாகக் கோரிக்கை வந்தால் மட்டும் வேலை செய்யும் சேவைகளில், கையாண்ட கோரிக்கைகளின் எண்ணிக்கையை நேரமாக வைத்துக்கொள்ளலாம்.

பல இயந்திரங்களில் ஒரே நேரத்தில் ஓட்டினால், செயலிழப்பு நிகழ்ந்த கணத்தில் எல்லா இயந்திரங்களும் அதுவரை ஓடிய மணிகளைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைக் குறியுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. பத்து இயந்திரங்கள் தலா 50 மணிநேரம் ஓடுவதும், ஒரே இயந்திரம் 500 மணிநேரம் நிற்காமல் ஓடுவதும் ஒன்றல்ல. நினைவகக் கசிவு, எண்ணி (கவுண்டர்) நிரம்பி வழிதல், கடிகாரப் பிழை சேர்தல் போன்றவை நீண்ட தொடர் இயக்கத்தில்தான் தலைகாட்டும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்த ஏவுகணையைத் தடுக்கத் தவறியது இப்படித்தான். சுமார் 100 மணிநேரம் நிறுத்தாமல் ஓடியதில், நேரக் கணக்கில் இருந்த நுண்ணிய பிழை 0.34 விநாடி அளவுக்குச் சேர்ந்துவிட்டது. 28 படைவீரர்கள் இறந்தார்கள். அதே அமைப்பைத் தினமும் நிறுத்தித் தொடங்கிச் சோதித்திருந்தால், எத்தனை ஆயிரம் மணி சோதித்தாலும் அந்தப் பிழை தெரிந்திருக்காது. உங்கள் மென்பொருள் களத்தில் வாரக்கணக்கில் நிற்காமல் ஓடுமானால், சோதனையில் ஒரு பகுதியாவது அப்படியே ஓடட்டும்.

எப்படிச் சோதிக்கிறீர்கள் என்பதும் தரவின் பகுதிதான்

இந்த மாதிரிகள் தரும் வீதம், சோதனையில் கொடுத்த உள்ளீடுகளுக்கு மட்டுமே பொருந்தும். பயனர்கள் கொடுக்கப்போகும் உள்ளீடுகள் வேறுமாதிரி இருந்தால் அந்த எண்ணுக்குக் களத்தில் பொருளில்லை. ஏரியன் 5 ராக்கெட் 1996 ஜூன் 4 அன்று முதல் பயணத்திலேயே சிதறியதற்குக் காரணம் ஏரியன் 4இலிருந்து எடுத்த நிரல். ஏரியன் 4இன் பாதையில் அந்த நிரல் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. புதிய ராக்கெட்டின் கிடைத்திசை வேகம் அதிகம் என்பதால், 64 பிட் எண் ஒன்று 16 பிட்டுக்குள் அடங்காமல் போனது. பழைய பயணங்களின் நல்ல பதிவு புதிய பயணத்துக்கு உத்தரவாதம் தரவில்லை.

ஆகவே சோதனைக்கு முன் பயன்பாட்டுப் பட்டியல் ஒன்று தயாரியுங்கள். மென்பொருள் செய்யும் வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் களத்தில் எத்தனை சதவீதம் நடக்கும் என்று பக்கத்தில் குறியுங்கள். பணப் பரிமாற்றச் செயலி என்றால் இருப்புப் பார்த்தல் 70, பணம் அனுப்புதல் 20, அறிக்கை இறக்குதல் 8, கடவுச்சொல் மாற்றுதல் 2 என்பதுபோல. பழைய பதிப்பின் சர்வர் லாக் இருந்தால் இந்தச் சதவீதங்களை அதிலிருந்தே எடுக்கலாம். பிறகு சோதனை வழக்குகளை (டெஸ்ட் கேஸ்களை) இந்த விகிதத்தில் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள்.

அரிதாக நடந்தாலும் ஆபத்தான வேலைகள் இருக்கும். காப்புப்பிரதியிலிருந்து மீட்டெடுத்தல் ஒரு வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கலாம். அதைத் தாராளமாகச் சோதியுங்கள், ஆனால் அந்த மணிகளையும் செயலிழப்புகளையும் தனிக் கணக்காக வையுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, ஏற்கெனவே தேறிய பழைய சோதனைத் தொகுப்பையே இரவுதோறும் ஓட்டி அந்த மணிகளையும் சேர்த்துக்கொள்வது. நேற்றுத் தேறிய 400 வழக்குகள் இன்றும் தேறும். மணி ஏறும், செயலிழப்பு ஏறாது, வரைபடம் அழகாகச் சமதளமாகும். அந்தச் சமதளம் மென்பொருள் முதிர்ந்ததைக் காட்டவில்லை, உள்ளீடு தீர்ந்துபோனதைக் காட்டுகிறது.

பதிவுத் தாள்

ஒவ்வொரு செயலிழப்புக்கும் ஒரு வரி: சேர்ந்த இயக்க மணி, பில்ட் (சோதனைக்குத் தொகுத்த பதிப்பு) எண், அறிகுறி, வழுவின் அடையாள எண், முதல் வெளிப்பாடா இல்லையா, தீவிரம். கடைசியில் சோதனை நிறுத்தப்பட்ட மணியையும் கட்டாயம் எழுதுங்கள். கடைசிச் செயலிழப்பு 478ஆம் மணியில் வந்து, சோதனை 500இல் நின்றிருந்தால், அந்த 22 அமைதியான மணிகளும் தரவுதான். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இனி வரும் கணக்குகளுக்கு, விளக்கத்துக்காக அமைத்த ஒரு தொகுப்பை எடுத்துக்கொள்வோம். 20 செயலிழப்புகள், சேர்ந்த இயக்க மணிகளில்:

5, 11, 19, 28, 36, 49, 60, 77, 91, 110, 128, 154, 177, 205, 240, 276, 318, 367, 421, 478. சோதனை 500ஆம் மணியில் நின்றது.

முதலில், முன்னேற்றம் இருக்கிறதா?

மாதிரியைப் பொருத்தும் முன் லாப்லாஸ் சோதனையைச் செய்யுங்கள். செயலிழப்பு நேரங்களின் சராசரியை எடுத்து, மொத்த நேரத்தின் பாதியைக் கழிக்கவும். அதை, மொத்த நேரம் × வர்க்கமூலம்(1 ÷ (12 × எண்ணிக்கை)) என்பதால் வகுக்கவும்.

நம் தொகுப்பின் கூட்டுத்தொகை 3250, சராசரி 162.5. பாதி நேரம் 250. வித்தியாசம் −87.5. வகுக்கும் எண் 500 × வர்க்கமூலம்(1 ÷ 240) = 32.27. விடை −2.71.

இந்த எண் −1.96ஐவிடக் கீழே போனால், செயலிழப்புகள் ஆரம்பத்தில் குவிந்து பிற்பாடு குறைகின்றன என்று நம்பலாம். பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் வீதம் மாறவில்லை. அப்போது இந்த மாதிரிகள் வேண்டாம், எண்ணிக்கையை மொத்த நேரத்தால் வகுத்தாலே வீதம் கிடைத்துவிடும். +1.96க்கு மேல் போனால் நிலைமை மோசமாகிறது என்று பொருள். திருத்தங்களே புது வழுக்களைக் கொண்டுவருகின்றன, அல்லது நடுவில் புது வசதி சேர்ந்திருக்கிறது, அல்லது சோதனை கடுமையாகியிருக்கிறது. காரணத்தைத் தேடுங்கள். அந்த நிலையில் நம்பகத்தன்மை வளர்ச்சி மாதிரியைப் பொருத்துவது வீண்வேலை.

கோயல்–ஒகுமோட்டோ: படிப்படியாக

இதன் அடிப்படை எளியது. சோதனை முடிவில்லாமல் நீண்டால் வெளிப்படக்கூடிய செயலிழப்புகளின் சராசரி எண்ணிக்கை அ. ஒவ்வொரு வழுவும் வெளிப்படும் வேகம் ஆ, எல்லாவற்றுக்கும் ஒரே வேகம். கா மணிவரை எதிர்பார்க்கும் செயலிழப்புகள்:

அ × (1 − எக்ஸ்ப்(−ஆ × கா))

எக்ஸ்ப் என்பது எக்செல்லில் உள்ள அதே அடுக்குச் சார்பு. அ, ஆ இரண்டையும் அதிகபட்ச நிகழ்தகவு முறையில், அதாவது கையிலுள்ள தரவு வர அதிக வாய்ப்புத் தரும் மதிப்புகளாக, கண்டுபிடிக்க ஒரே ஒரு சமன்பாட்டைத் தீர்த்தால் போதும். ஆ × மொத்த நேரம் = ய என்று வையுங்கள்.

1 ÷ ய − 1 ÷ (எக்ஸ்ப்(ய) − 1) = சராசரி ÷ மொத்த நேரம்

நமக்கு வலப்பக்கம் 162.5 ÷ 500 = 0.325. எக்செல்லில் ஒரு கட்டத்தில் ய = 1 என்று தொடங்குங்கள். இன்னொரு கட்டத்தில் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் கழித்த வித்தியாசத்தை எழுதி, கோல் சீக் வசதியால் அதைப் பூஜ்யமாக்குங்கள். வித்தியாசத்தை 10000ஆல் பெருக்கிவிட்டுச் செய்யுங்கள். இயல்பு அமைப்பில் கோல் சீக் 0.001 அளவு நெருங்கியதும் நின்றுவிடும், இந்தச் சமன்பாட்டில் அந்தத் துல்லியம் போதாது.

ய = 2.275 என்று வரும். அதிலிருந்து:

ஆ = 2.275 ÷ 500 = 0.00455
அ = 20 ÷ (1 − எக்ஸ்ப்(−2.275)) = 22.3
இன்னும் மிச்சம் = 2.3
500ஆம் மணியில் வீதம் = அ × ஆ × எக்ஸ்ப்(−ய) = மணிக்கு 0.0104, அதாவது ஏறத்தாழ 96 மணிக்கு ஒன்று.

அடுத்த 24 மணிநேரம் செயலிழக்காமல் ஓடும் வாய்ப்பு வேண்டுமா? அந்த 24 மணியில் எதிர்பார்க்கும் செயலிழப்புகள் 2.29 × (1 − எக்ஸ்ப்(−24 × 0.00455)) = 0.237. வாய்ப்பு எக்ஸ்ப்(−0.237) = 0.79.

வெளியீட்டு இலக்கு 250 மணிக்கு ஒரு செயலிழப்பு, அதாவது மணிக்கு 0.004 என்று வைத்துக்கொள்வோம். அதை அடைய இன்னும் எவ்வளவு சோதனை? இப்போதைய வீதத்தை இலக்கு வீதத்தால் வகுத்து, இயல்மடக்கை எடுத்து, ஆ என்ற எண்ணால் வகுக்கவும். 211 மணி என்று வரும்.

சராசரி ÷ மொத்த நேரம் 0.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது, கோல் சீக் ஏதோ ஓர் எண்ணுக்கு ஓடிவிடும். அது மென்பொருளின் கோளாறல்ல. உங்கள் தரவில் முன்னேற்றம் இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது. லாப்லாஸ் சோதனையை முதலில் செய்யச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

வாரவாரியான எண்ணிக்கை மட்டும் கையில் இருந்தால் மேலே சொன்ன சமன்பாடு பொருந்தாது. ஒவ்வொரு வாரத்துக்கும் எதிர்பார்க்கும் எண்ணிக்கையை எழுதி, பாய்சான் நிகழ்தகவின் (சராசரி தெரிந்தால், இத்தனை நிகழ்வு வர எவ்வளவு வாய்ப்பு என்பதன்) மடக்கையைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை எக்செல்லின் சால்வர் வசதி கொண்டு உச்சமாக்குங்கள். சேர்ந்த எண்ணிக்கையின் வளைகோட்டில் குறைந்தபட்ச வர்க்க முறையை (லீஸ்ட் ஸ்கொயர்ஸ்) போடாதீர்கள். அந்தப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பவை, ஒன்றிலிருந்து ஒன்று சுதந்திரமானவை அல்ல. பெரும்பாலான ஏறுவரிசைகள் ஏறும் வளைகோடுகளோடு, R² என்ற பொருத்த அளவில், 0.98, 0.99 என்று பொருந்திவிடும். அந்த எண்ணைக் காட்டி மாதிரி நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

இரண்டாவது மாதிரி கட்டாயம்

கோயல்–ஒகுமோட்டோ எல்லா வழுக்களையும் ஒரே வேகத்தில் வெளிப்படுபவையாகக் கருதுகிறது. உண்மை அப்படியில்லை. ஐபிஎம்மின் எட்வர்ட் ஆடம்ஸ் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வழுக்கள் சராசரியாக 5000 ஆண்டு இயக்கத்துக்கு ஒருமுறை வெளிப்படும் அளவுக்கு அரிதானவை. பயனர்களைத் தொல்லைப்படுத்தியதோ மிகச் சில வழுக்கள்தான். அடிக்கடி வெளிப்படுபவை முதலில் பிடிபட்டுப் போய்விடுகின்றன. பிறகு பிடிபடும் ஒவ்வொன்றும் அரிதானது, அதைத் திருத்தினாலும் வீதம் கொஞ்சம்தான் குறையும். மூசா–ஒகுமோட்டோ மாதிரி இதைக் கணக்கில் எடுக்கிறது. கா மணிவரை எதிர்பார்க்கும் செயலிழப்புகள்:

ஈ × எல்என்(1 + ச × கா)

எல்என் என்பது இயல்மடக்கை. ஈ, ச இரண்டும் தரவிலிருந்து கண்டுபிடிக்க வேண்டிய எண்கள். இதில் "மொத்தம் இத்தனை வழுக்கள்" என்ற உச்சவரம்பு கிடையாது. தீர்க்கவேண்டிய சமன்பாடு சற்று நீளம். ஒவ்வொரு செயலிழப்பு நேரத்துக்கும் 1 ÷ (1 + ச × நேரம்) என்று ஒரு நெடுவரிசை எழுதிக் கூட்டி, ச என்ற எண்ணால் வகுங்கள். அது கீழுள்ளதற்குச் சமமாக வேண்டும்:

எண்ணிக்கை × மொத்த நேரம் ÷ ((1 + ச × மொத்த நேரம்) × எல்என்(1 + ச × மொத்த நேரம்))

ச = 0.01 என்று தொடங்கிக் கோல் சீக் செய்தால் ச = 0.01764 வரும். ஈ = 20 ÷ எல்என்(1 + 0.01764 × 500) = 8.755.

500ஆம் மணியில் வீதம் = ஈ × ச ÷ (1 + ச × 500) = 0.0157, அதாவது 64 மணிக்கு ஒன்று. அடுத்த 24 மணி தாங்கும் வாய்ப்பு 0.69. இலக்கு வீதமான 0.004ஐ அடைய இன்னும் 1630 மணிக்கு மேல் சோதிக்க வேண்டும்.

முதல் மாதிரி 211 மணி என்றது. இரண்டாவது 1630 என்கிறது. தரவு ஒன்றேதான். இரண்டில் எது தரவோடு நன்றாகப் பொருந்துகிறது என்று பார்த்தால், மடக்கை நிகழ்தகவு (பொருத்தத்தின் அளவு, பெரிதாக இருந்தால் நல்லது) முதலாவதுக்கு −80.56, இரண்டாவதுக்கு −80.18. இந்த வித்தியாசத்தை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. வரைபடத்தில் இரண்டு வளைகோடுகளும் புள்ளிகளின் மேல் கிட்டத்தட்ட ஒன்றாகவே போகும். கடந்துபோன 500 மணியைப் பற்றி அவை ஒத்துப்போகின்றன, வரப்போவதைப் பற்றி ஒத்துப்போகவில்லை. ஒரே மாதிரியைப் பொருத்தி, ஒரே எண்ணை எடுத்து, அதைக் கொண்டு வெளியீட்டு நாளைக் குறிப்பவர்களுக்கு இந்தப் பிளவு கண்ணிலேயே படாது. புதியவர்கள் இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதென்றால், இரண்டு மாதிரிகளைப் பொருத்துவதைக் கடைப்பிடியுங்கள்.

கணிப்பைச் சோதித்துப் பாருங்கள்

பொருத்தம் முடிவு சொல்லாதபோது முன்கணிப்பைப் பார்க்க வேண்டும். கைவசம் உள்ள தரவையே நடுவில் வெட்டி, முற்பாதியை மட்டும் மாதிரிக்குக் கொடுத்து, பிற்பாதியை அது எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று பாருங்கள்.

250ஆம் மணியில் வெட்டுவோம். அதுவரை 15 செயலிழப்புகள், கூட்டுத்தொகை 1390. கோயல்–ஒகுமோட்டோவில் அ = 18.7, ஆ = 0.00647. அடுத்த 250 மணியில் 3.0 செயலிழப்புகள் வரும் என்கிறது. மூசா–ஒகுமோட்டோவில் ச = 0.0164, ஈ = 9.21. அது 5.4 என்கிறது. உண்மையில் வந்தவை 5.

இரண்டாவது நெருக்கமாக இருக்கிறது. ஆனால் இதோடு முடிவு கட்டாதீர்கள். சராசரி 3 உள்ள பாய்சான் பரவலில் 5 அல்லது அதற்கு மேல் வர 18 சதவீத வாய்ப்பு உண்டு, எனவே முதல் மாதிரி தவறு என்று இது நிரூபிக்கவில்லை. வெட்டும் இடத்தை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்: பத்தாவது செயலிழப்புக்குப் பின், பதினொன்றாவதுக்குப் பின் என்று ஒவ்வொன்றாக நகர்த்தி, அடுத்த செயலிழப்புவரை எவ்வளவு நேரம் என்று கணித்து, உண்மையோடு ஒப்பிடுங்கள். ஒரு மாதிரி தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால், எப்போதும் உண்மையைவிட நம்பிக்கையாகச் சொன்னால், அதன் அடுத்த கணிப்பும் அப்படியே சாயும் என்று எடுத்துக்கொள்ளலாம். கோயல்–ஒகுமோட்டோ நடைமுறையில் பெரும்பாலும் நம்பிக்கைப் பக்கமே சாய்கிறது. காரணம் மேலே சொன்னதுதான், அரிதான வழுக்கள் அதன் கணக்கில் இல்லை.

எண்ணோடு இடைவெளியும் வேண்டும்

"மிச்சம் 2.3 வழுக்கள்" என்று தசமத்தோடு சொன்னால் துல்லியமானது போல் தோன்றும். நம் தொகுப்பில் அ என்பதன் மதிப்பு 22.3 என்றாலும், 95 சதவீத இடைவெளியின் மேல்முனை ஏறத்தாழ 45. அதாவது மிச்சம் இரண்டாகவும் இருக்கலாம், இருபதுக்கு மேலும் இருக்கலாம். 20 செயலிழப்புகளிலிருந்து இதைவிட இறுக்கமாகச் சொல்ல முடியாது. இன்றைய வீதம் ஓரளவு நம்பத்தக்கது, மிச்ச வழு எண்ணிக்கை அப்படியல்ல. அதைத் தலைப்பு எண்ணாக யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இடைவெளியைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி போலித் தரவு உருவாக்குவது. பொருத்திய மாதிரியிலிருந்து, சராசரி 20 உள்ள பாய்சான் எண் ஒன்றை எடுங்கள். அத்தனை நேரங்களை −எல்என்(1 − வ × (1 − எக்ஸ்ப்(−ய))) ÷ ஆ என்று உருவாக்குங்கள். இங்கே வ என்பது 0க்கும் 1க்கும் இடையில் தற்செயலாக எடுத்த எண், ஒவ்வொரு நேரத்துக்கும் புதிது. வரிசைப்படுத்தி, அதே முறையில் மாதிரியைப் பொருத்துங்கள். இதை 1000 முறை செய்து, கிடைக்கும் வீதங்களில் கீழ் 2.5 சதவீதத்தையும் மேல் 2.5 சதவீதத்தையும் விட்டால் இடைவெளி கிடைக்கும். பைத்தான், ஆர் (R) போன்ற நிரல் மொழி ஒன்றில் இருபது வரி நிரல் போதும். சில சுற்றுகளில் சராசரி பாதி நேரத்தைத் தாண்டித் தீர்வு கிடைக்காமல் போகும். அந்தச் சுற்றுகளைத் தூக்கி எறியாதீர்கள். "அ என்பதற்கு மேல்வரம்பு இல்லை, வீதம் குறையவில்லை" என்று அவற்றையும் எண்ணிக்கையில் சேருங்கள். எறிந்துவிட்டால் இடைவெளி பொய்யாகச் சுருங்கும்.

செயலிழப்பே வராவிட்டால்

முதிர்ந்த மென்பொருளில் இது நடக்கும். 600 மணி ஓடியது, ஒன்றும் வரவில்லை. வீதம் பூஜ்யம் என்று எழுத முடியாது. 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, வீதம் 3 ÷ மொத்த நேரத்தைத் தாண்டாது என்பதே. 600 மணிக்கு அது 0.005. 3 என்ற எண் −எல்என்(0.05) = 2.996 என்பதிலிருந்து வருகிறது. 99 சதவீதம் வேண்டுமானால் 4.6 போடுங்கள். கோரிக்கை எண்ணிக்கையில் கணக்கிட்டாலும் இதே விதிதான்: தொடர்ந்து 3000 கோரிக்கைகள் பழுதில்லாமல் போனால், ஒரு கோரிக்கை தவறும் வாய்ப்பு 0.001ஐத் தாண்டாது.

இதே விதி, சோதனையால் எட்ட முடியாத உயரத்தையும் காட்டிவிடுகிறது. மணிக்கு 0.000000001 என்ற வீதத்தைச் சோதனையால் மட்டும் காட்ட 300 கோடி மணிநேரம் ஒரு செயலிழப்பும் இல்லாமல் ஓட்ட வேண்டும். அது 3 லட்சத்து 40 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல். விமானக் கட்டுப்பாடு போன்றவற்றில் வடிவமைப்பு ஆய்வு, முறைசார் நிரூபணம், மாற்று அமைப்பு ஆகியவற்றையும் சேர்த்துத்தான் நம்பிக்கை கட்ட வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட இலக்கை ஒரு வளர்ச்சி மாதிரியின் வளைகோட்டை நீட்டிக் காட்டினால் ஏற்காதீர்கள்.

நிரல் மாறும்போது

சோதனை நடுவில் புதிய வசதி சேர்ந்தால் பழைய தரவோடு ஒட்டிக் கணக்கிடக்கூடாது. அந்தப் பில்டிலிருந்து மணியைப் பூஜ்யமாக்கித் தொடங்குங்கள். மாறிய பகுதி சிறியது, தனியாகப் பிரித்தறியக்கூடியது என்றால், அதன் செயலிழப்புகளை மட்டும் தனித் தொகுப்பாக்கி, இரண்டு வீதங்களையும் கூட்டலாம். வழுத் திருத்தம் மட்டும் சேர்ந்தால் தொடரலாம், மாதிரி அதை எதிர்பார்க்கிறது.

தொகுப்பு மிகச் சிறியதாக இருந்தால் காத்திருங்கள். பத்துக்குக் குறைவான செயலிழப்புகளில் மாதிரி பொருத்துவதில் பயனில்லை. ஒவ்வொரு புதுச் செயலிழப்புக்கும் ஆ, ச இரண்டும் தாறுமாறாகத் தாவும். அந்த மதிப்புகளைத் தேதிவாரியாகக் குறித்து வந்தால், எப்போது நிலைபெறுகின்றன என்பது கண்ணுக்குத் தெரியும். நிலைபெறாதவரை இலக்குத் தேதி எதையும் கணிக்காதீர்கள்.

அறிக்கையில் எழுத வேண்டியவை: செயலிழப்பு என்று எதை எண்ணினீர்கள், எந்த நேரத்தில் அளந்தீர்கள், பயன்பாட்டுப் பட்டியல் எங்கிருந்து வந்தது, லாப்லாஸ் எண், இரண்டு மாதிரிகளும் சொன்ன இன்றைய வீதம் அவற்றின் இடைவெளிகளோடு, முன்கணிப்புச் சோதனையில் ஒவ்வொன்றும் எப்படித் தேறியது. நம் தொகுப்புக்கு இப்படி எழுதலாம்: "500 இயக்க மணிக்குப் பின் வீதம் 64 முதல் 96 மணிக்கு ஒரு செயலிழப்பு என மதிப்பிடுகிறோம். 250 மணிக்கு ஒன்று என்ற இலக்கு இன்னும் எட்டவில்லை. அதற்குத் தேவைப்படும் கூடுதல் சோதனை 200 மணிக்குக் குறையாது, 1600ஐயும் தாண்டலாம். அடுத்த 100 மணி சோதித்தபின் மறுமதிப்பீடு செய்கிறோம்." அந்த 100 மணியில் கோயல்–ஒகுமோட்டோ 0.8 செயலிழப்புகளையும், மூசா–ஒகுமோட்டோ 1.4ஐயும் எதிர்பார்க்கின்றன. ஒரே சுற்றில் வழக்கு தீராது. வெளியீட்டுக்குப் பின்னும் களத்தில் இயங்கும் மணிகளையும் செயலிழப்புகளையும் இதே தாளில், ஆனால் தனிப் பக்கத்தில், தொடர்ந்து குறித்து வாருங்கள். சோதனை வீதத்துக்கும் கள வீதத்துக்கும் உள்ள விகிதம் ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த பதிப்பின் கணக்கில் அதை நேரடியாகப் பெருக்கிக்கொள்ளலாம்.